தோளுக்கு இரண்டு படங்கள் ஏன்?

தோளில் அடிபட்டு எமது மருத்துவமனைக்கு வருவோரின் உறவினர் பெரும்பாலும் கேட்கும் கேள்விகள் இரண்டு. "ஒரு படம் எடுத்தாயிற்றே, மறுபடியும் ஏன்?" என்பது ஒன்று. "வலியால் துடிக்கிறவரை இப்படித் திரும்பு, அப்படிச் சாய் என்று சொல்ல வேண்டுமா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. எக்ஸ்-ரே நுட்புநர் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் ஆண்டில் நாங்கள் கற்பிக்கும் பாடத்திலேயே இவற்றுக்கான விடை இருக்கிறது. அந்தப் பாடத்தை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருந்தால் படம் எடுக்கும் அறையில் அச்சம் குறையும். ஒரு கையின் பயன் கெடாமல் காக்கவும் அது உதவும்.

குமரி மாவட்டத்தில் தோள் உழைப்பின் உறுப்பு. பனையேறுவோர், ரப்பர் பால்வெட்டுவோர், கரமடி இழுப்போர், கல்லும் மண்ணும் சுமப்போர் ஆகிய அனைவரின் பிழைப்பும் தோளின் வலிமையைச் சார்ந்தது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில், பாசி படிந்த முற்றத்தில் வழுக்கிக் கையூன்றி விழும் முதியோரும் பலர். ஆகவே இது யாரோ சிலருக்கான செய்தி அன்று.

சும்மாட்டின் மேல் குடம்

தோள் மூன்று எலும்புகளால் ஆனது. கழுத்தின் அடியிலிருந்து தோள்முனை வரை கிடைமட்டமாகச் செல்வது காறை எலும்பு. முதுகின் மேற்பகுதியில் விலாவின் மீது படிந்து கிடக்கும் முக்கோணத் தகடு தோள்பட்டை எலும்பு. தோளிலிருந்து முழங்கை வரை நீள்வது மேற்கை எலும்பு.

மேற்கை எலும்பின் தலை உருண்டையானது. அது பொருந்தும் தோள்பட்டைக் குழியோ சிறியது, ஆழமற்றது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை உரலுக்குள் உலக்கை போல ஆழமாக அமர்ந்திருக்கும். தோளில் அப்படியன்று, சும்மாட்டின் மேல் குடம் வைத்ததைப் போன்றது அதன் அமைப்பு. குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது, அதுதான் சும்மாடு. குடம் விழாமல் பிடித்திருக்கும் கைகளைப் போல நான்கு தசைகளின் நாண்கள் எலும்புத் தலையைச் சுற்றிப் பற்றியிருக்கின்றன. நாம் கையைத் தலைக்கு மேலே தூக்கவும், முதுகுக்குப் பின்னே கொண்டுபோகவும் முடிவது இந்த அமைப்பினால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் மிக எளிதாக விலகுவது தோள் மூட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மேற்கை எலும்பின் தலைக்குச் சற்றுக் கீழே ஒடுங்கிய கழுத்துப் பகுதி ஒன்று உண்டு. முதியோர் கையூன்றி விழும்போது பெரும்பாலும் முறிவது இவ்விடத்தில்தான். அக்குள் நரம்பு இக்கழுத்தைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. அது நசுங்கினால் தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போகலாம். கையைப் பக்கவாட்டில் தூக்கும் வலிமையும் குறையலாம். எலும்பின் நடுப்பகுதியில் ஆரை நரம்பு எலும்பை ஒட்டியே சுற்றி இறங்குகிறது. அங்கு முறிவு ஏற்பட்டு அந்நரம்பு பாதிக்கப்பட்டால் மணிக்கட்டை மேலே நிமிர்த்த முடியாமல் கை தொங்கிவிடும். எனவேதான், "விரலை நிமிர்த்துங்கள், இங்கே தொடுவது தெரிகிறதா?" என்று படம் எடுப்பதற்கு முன்பே நாங்கள் சோதிக்கிறோம்.

சாய்ந்து நிற்கச் சொல்வதன் பொருள்

வில்ஹெல்ம் ரொன்ட்கன் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் தருவது ஒரு நிழலைத்தான். வரிசையாக நிற்கும் இரண்டு பனைகளை வரிசையின் முனையிலிருந்து பார்த்தால் ஒற்றை மரமாகத் தோன்றும். பத்தடி விலகி நின்றால் இடைவெளி தெரியும். நிழற்படமும் அவ்வாறே. முன்னும் பின்னுமாக இருக்கும் எலும்புகளை அது ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டும். எலும்பு முன்னால் நகர்ந்துள்ளதா, பின்னால் நகர்ந்துள்ளதா என்பதை நேர்ப்படம் ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லாது. இரு திசைகளிலிருந்து பார்ப்பது எலும்புப் படத்தின் அடிப்படை விதி.

தோளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோள்பட்டை எலும்பு வளைந்த விலாவின் மீது சாய்வாக அமர்ந்துள்ளது. நோயாளி நேராக நின்றால் எலும்புத் தலையும் குழியும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். நோவுள்ள தோளின் பின்புறம் படத்தகட்டில் படியுமாறு உடலை ஏறத்தாழ 35 முதல் 45 பாகை வரை திருப்பி நிறுத்தினால்தான் இரண்டுக்கும் இடையிலுள்ள மூட்டு வெளி கண்ணுக்குப் புலப்படும். நுட்புநர் சாய்ந்து நிற்கச் சொல்வது இதற்காகத்தான்.

விபத்து ஏதுமின்றி நாட்பட்ட வலியுடன் வருவோரிடம் உள்ளங்கையை முன்னோக்கித் திருப்பச் சொல்லி ஒரு படமும், புறங்கையைத் தொடையில் படியவைத்து மற்றொரு படமும் எடுப்பது வழக்கம். கை திரும்பும்போது எலும்புத் தலையும் சேர்ந்து சுழலும். முதல் நிலையில் தலையின் பெரிய புடைப்பும் இரண்டாம் நிலையில் சிறிய புடைப்பும் ஓரத்துக்கு வந்து தெளிவாகத் தெரியும். தசைநாண்கள் பற்றியிருக்கும் இடங்கள் இவை. அங்கு படியும் சுண்ணாம்புச் சத்தும், பிய்ந்த எலும்புச் சிதறலும் இந்நிலைகளில்தான் அகப்படும்.

அடிபட்டு வந்தவரின் கையை இவ்வாறு திருப்பக் கூடாது. முறிவு இருக்குமானால் திருப்புதலே அதை விலக்கிவிடும். மாணவர்களுக்கு நாங்கள் வலியுறுத்தும் விதி ஒன்று: அடிபட்ட தோளில் கை அசையலாகாது, உடலையும் கருவியையுமே திருப்ப வேண்டும். நோயாளி தகட்டை நோக்கி நின்று, நோவுள்ள தோளைத் தகட்டில் வைத்து, மறுதோளை விலக்கிச் சாய்ந்து நின்றால் தோள்பட்டை எலும்பு ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் தெரியும். அதன் கிளைகள் சேரும் இடத்தில் எலும்புத் தலை இருந்தால் மூட்டு தன் இடத்தில் இருக்கிறது என்று பொருள். கழுத்தில் மாட்டிய தொட்டில் கட்டைக் கழற்றாமல், மேசையின் மேல் சற்றுப் பின்சாய்ந்து, மேலிருந்து எடுக்கும் முறையும் உண்டு.

மேற்கை எலும்பின் பக்கவாட்டுப் படத்தைச் சில வேளைகளில் மார்பின் ஊடாகவே எடுக்கிறோம். அப்போது நலமான கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வோம். நெஞ்சுப் படத்துக்கு மூச்சை அடக்கச் சொல்லும் நுட்புநர், இப்படத்துக்கு மட்டும் மெதுவாக மூச்சுவிடச் சொல்லக்கூடும். மூச்சில் அசையும் விலா எலும்புகள் மங்கிப்போக, அசையாத மேற்கை எலும்பு தெளிவாக நிற்கும் என்பதே காரணம். மேற்கையில் முறிவு என்று ஐயுறும்போது தோளும் முழங்கையும் சேர்ந்து தெரியுமாறு படம் எடுக்கிறோம். ஒரு முனையில் உள்ள முறிவு மறுமுனை மூட்டையும் பாதித்திருக்கக் கூடும்.

ஒற்றைப் படத்தில் ஒளிந்துகொள்ளும் விலகல்

தோள் விலகல் 100 பேருக்கு ஏற்பட்டால் ஏறத்தாழ 95 பேருக்கு எலும்புத் தலை முன்புறமாக இறங்கியிருக்கும். தோளின் வடிவம் சப்பையாகிவிடுவதால் அதைக் கண்ணாலேயே ஊகிக்கலாம். பின்புறமாக விலகுவது சிலருக்கு மட்டுமே. அதுதான் ஏமாற்றும். தோளின் வடிவம் பெரிதாக மாறாது. நேர்ப்படத்தில் எலும்புத் தலை குழிக்கு எதிரே இருப்பது போலவே தோன்றலாம். உள்நோக்கிச் சுழன்றுவிட்டதால் அது மின்குமிழ் போல உருண்டு தெரிவது ஓர் அடையாளம்; ஆயினும் 'ஒய்' வடிவப் படமோ அக்குள் வழிப் படமோதான் ஐயத்தை நீக்கும்.

பின்புற விலகலுக்குப் பெரும்பாலான காரணங்கள் மூன்று: வலிப்பு, மின்னதிர்ச்சி, தோளின் முன்பகுதியில் நேராக விழும் பலத்த அடி. வலிப்பின்போதும் மின்னதிர்ச்சியின்போதும் தோளை உள்நோக்கி இழுக்கும் வலிய தசைகள் ஒரே நேரத்தில் சுருங்கி எலும்பைப் பின்னே தள்ளிவிடுகின்றன. தேங்காய் பறிக்கும் இரும்புத் துரட்டி மின்கம்பியில் பட்டாலும் இது நேரலாம். இத்தகையோர் கையை வெளிப்புறமாகச் சுழற்ற இயலாமல், உள்ளங்கையை மேல்நோக்கி விரிக்க முடியாமல், வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருப்பர்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். வலிப்பு வந்ததை மறைக்காதீர்கள். திருமணப் பேச்சு, வேலை, ஊராரின் பேச்சு ஆகியவற்றை அஞ்சி, "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்" என்று மட்டும் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். நீங்கள் மருத்துவரிடம் சொல்வது மருத்துவரோடு நின்றுவிடும். விழுந்த விதம் தெரிந்தால் எந்தத் திசையில் படம் எடுக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும். கண்டறியப்படாமல் வாரக்கணக்கில் கழிந்த விலகலை இழுத்துப் பொருத்துவது அரிது. பலருக்கு அறுவை சிகிச்சையே வழியாகிறது.

தடவுவதற்கும் இழுப்பதற்கும் முன்பு

வர்ம மருத்துவம் இம்மண்ணின் பழைய செல்வம். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் மாவட்டம் இது. நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மேலை மருத்துவம் வேரூன்றியதும் இதே மாவட்டத்தில்தான். இரு மரபுகளையும் நாடும் மக்கள் நடுவே நாங்கள் பணிபுரிகிறோம். எனவே யாரிடம் போகலாம், போகக் கூடாது என்று இங்கே கட்டளையிட முற்படவில்லை. எந்த ஆசானிடம் சென்றாலும், எந்த மருத்துவரிடம் சென்றாலும், படம் பார்க்கும் முன் தோளை இழுக்கவோ அழுத்தித் தடவவோ விடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

விலகலோடு முறிவும் சேர்ந்திருக்கலாம். குறிப்பாக முதியோரிடம் இது அடிக்கடி காணப்படும். விரிசலாக இருந்த கழுத்து, இழுத்த இழுப்பில் முழுமையாக முறிந்து விலகிவிடலாம். அருகிலேயே அக்குள் நரம்பும் பெரிய இரத்தக் குழாயும் செல்கின்றன. விலகிய தோளை நாங்கள் பொருத்திய பிறகும் மறுபடி ஒரு படம் எடுக்கிறோம். மூட்டு தன் இடத்தில் அமர்ந்ததா, முன்பு தெரியாத முறிவு ஏதும் இருக்கிறதா என்பதை அறிய அது தேவை.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

ஒரு தோள் படத்தால் உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.01 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாக மனிதர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒரு தோள் படம், ஒன்றரை நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். மணவாளக்குறிச்சிக் கடலோர மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அப்பகுதியில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிடக் கூடுதல் என்பதை நம் மாவட்டத்தார் அறிவர். இரண்டாம் படத்தால் சேரும் கதிர்வீச்சு மிகச் சிறிது. அது எடுக்கப்படாததால் தவறிப்போகும் விலகலின் இழப்பு பெரிது. அதேவேளை தேவையற்ற படம் ஒன்றுகூட எடுக்கலாகாது என்பதும் எங்கள் கொள்கை. நோயாளி அசைந்தால் படம் மங்கி மீண்டும் எடுக்க நேரும். சில விநாடிகள் அசையாது நிற்பது உங்கள் பங்கு. கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்-ரே காட்டாதவையும் உண்டு. தசைநாண் கிழிசல் அதில் நேராகத் தெரியாது; அதற்கு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ வேண்டும். நீரிழிவு உள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படும் தோள் இறுக்கத்தில் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். "படத்தில் ஒன்றுமில்லை" என்பதற்கு "நோயே இல்லை" என்று பொருளன்று.

அடிபட்டவரை அழைத்து வரும்போது

கையை எந்த நிலையில் வைத்தால் வலி குறைகிறதோ அந்த நிலையிலேயே இருக்கட்டும். துவர்த்தையோ பழைய சேலைத் துண்டையோ தொட்டிலாக்கிக் கழுத்தில் கட்டுங்கள்.

வீக்கம் ஏறுமுன் அந்தக் கையின் மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, தாயத்து, ஊக்கு ஆகியவை படத்தில் எலும்பை மறைக்கும். பெண்களின் தடித்த பின்னலும் நிழலாக விழும். அதைத் தோளிலிருந்து விலக்கி உயர்த்திக் கட்டுங்கள்.

மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்த நேரலாம். ஆகவே மருத்துவர் பார்க்கும்வரை காப்பியோ உணவோ தர வேண்டாம்.

விரல்கள் வெளுத்தோ குளிர்ந்தோ மரத்தோ போனால், அல்லது மணிக்கட்டு தொங்கினால், காலை வரை காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

முன்பு எடுத்த படங்கள் இருந்தால் மறவாமல் கொண்டு வாருங்கள். எப்படி விழுந்தார், எந்த நேரத்தில் விழுந்தார், அதன்பின் யாரேனும் தோளை இழுத்தார்களா என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். யாரையும் குறைகூற நாங்கள் இவற்றைக் கேட்பதில்லை. அடுத்த படத்தை எந்தத் திசையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யவே கேட்கிறோம்.