நகரம் தேடி வந்த கோயில்

பௌத்தத் துறவிகள் தலைநகரின் மதில் வாசலைத் தாண்டக் கூடாது என்று கொரியாவின் ஜோசன் அரசு விதித்திருந்த தடை 1895இல்தான் நீங்கியது. கன்பூசிய நெறியில் ஊறிய அரசு அது. பிக்குகள் மலைப்பக்கமாக எங்காவது இருந்துகொள்ளட்டும் என்பது அதன் எண்ணம். போங்குன்சா கோயிலும் அப்படித்தான் ஹான் ஆற்றுக்குத் தெற்கே, வயலும் பழத்தோட்டமுமான நாட்டுப்புறத்தில் இருந்தது. சியோலிலிருந்து அங்கே போக ஓடம் ஏற வேண்டும். 1963இல் அந்தப் பகுதி மாநகரோடு சேர்க்கப்பட்டது. 1969இல் ஆற்றின் மேல் ஹன்னம் பாலம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வயல்கள் என்ன ஆயின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் ஒரு பாட்டு அந்தப் பகுதியின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது: காங்னம்.

மெட்ரோவின் 9ஆம் வழித்தடத்தில் போங்குன்சா நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் சாலைக்கு ஒரு பக்கம் கோயெக்ஸ் மாநாட்டு மையம், அதன் அடியில் சுற்றிவர ஒரு நாள் போதாத வணிக வளாகம். மறுபக்கம் கோயில் வாசல். புத்தர் பிறந்தநாளையொட்டிப் போனால் தலைக்கு மேல் வானமே தெரியாத அளவுக்குக் காகித விளக்குகள் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் வேண்டுதல் சீட்டு தொங்கும். 1996இல் முடிந்த 23 மீட்டர் உயர மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) சிலையின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தால், ஓட்டுக்கூரைகளுக்கு மேலே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. எல்லோரும் எடுக்கும் படம் அது. அதன் கீழே எழுதப்படும் வாசகமும் ஒன்றுதான், 'கான்கிரீட் காட்டில் ஓர் அமைதித் தீவு'.

எனக்கு அது பாதிதான் உண்மை என்று படுகிறது. சந்தியாகாலத்தில் பெரிய முரசும் மணியும் மீன் வடிவ மரக்கருவியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும்போது யாருக்கும் மனம் அடங்கும், சரி. ஆனால் காங்னத்தின் இரண்டு பெருங்கவலைகளும், அதாவது பரீட்சையும் மனை விலையும், இந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடவில்லை.

பரீட்சையை முதலில் பார்ப்போம். கொரியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நவம்பரில் ஒரே நாளில் நடக்கும். அன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலம் கேட்டுப் பதிலெழுதும் பகுதி நடக்கும்போது விமானங்கள்கூட ஏறாது, இறங்காது. டியூஷன் மையங்களுக்குப் பேர்போன தேச்சி வட்டாரம் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். தேர்வுக்கு நூறு நாள் இருக்கும்போதே தாய்மார்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். மெத்தை விரித்து, பிள்ளையின் படத்தை முன்னால் வைத்து, விழுந்து எழுந்து விழுந்து எழுந்து வணங்குகிறார்கள். ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுக்கும் நம்மூர் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆசையை விடச் சொன்னவரிடம் மார்க் கேட்கலாமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த இடத்துக்குப் பரீட்சை புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், மகன் சிறுவனாக இருந்ததால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த முன்ஜொங் அரசி, பௌத்தத்துக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றார். பிக்குகளுக்கான அரசுத் தேர்வை மறுபடி நடத்த வைத்தார். அது நடந்த இடம் போங்குன்சாவின் முன்வெளி. அந்தத் தேர்வில் தேறியவர்கள்தான் சோசானும் சாம்யோங்கும். 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது துறவிகளின் படையைத் திரட்டி நின்றவர்கள். 1565இல் அரசி இறந்ததும் அவருக்குத் துணையாயிருந்த போவு என்ற துறவியை ஜேஜு தீவுக்கு நாடுகடத்தி, அங்கே அடித்தே கொன்றார்கள். தேர்வும் நின்றுபோனது.

அடுத்தது நிலம். 1970இல் கோயிலின் மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பியோங் (ஒரு பியோங் என்பது 3.3 சதுர மீட்டர்) அரசுக்கு விற்கப்பட்டது. விலை 53 கோடி வொன் என்று சொல்கிறார்கள். கோயில் சார்ந்த பௌத்தப் பிரிவான ஜோக்யே சங்கத்தின் கட்டடத் தேவைகளுக்குப் பணம் வேண்டும் என்பது விற்றவர்கள் சொன்ன காரணம். அதே கோயிலில் தங்கியிருந்த பொப்ஜொங் என்ற பிக்கு அதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் 'உடைமையின்மை' என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரைத் தொகுப்பு எழுதி நாடறிந்தவர் அவர். வளர்த்த இரண்டு ஆர்க்கிட் தொட்டிகள் தன்னைக் கட்டிப்போடுகின்றன என்று உணர்ந்து நண்பருக்குக் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருப்பார். அந்தத் தொட்டிகள் இருந்ததும் போங்குன்சா வளாகத்துக் குடிலில்தான். தொட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் நிலத்தை விற்கக் கூடாது என்று நின்றதில் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தொட்டி அவருடையது. நிலம் அப்படியல்ல.

விற்ற நிலத்தில் ஒரு பகுதியில் மின்வாரியத் தலைமையகம் வந்தது. 2014இல் அந்த மனையை, சுமார் 20 ஏக்கர், ஹூண்டாய் குழுமம் 10.55 லட்சம் கோடி வொன்னுக்கு வாங்கியது. 1970இல் அரசு அழுத்தம் கொடுத்து வாங்கிய நிலம், திருப்பித் தா என்று ஜோக்யே சங்கம் உரிமை கோரியது. அங்கே 105 மாடிக் கோபுரம் எழுப்பத் திட்டமிட்டபோது, நிழல் விழுந்து கோயிலுக்கு வெயில் போய்விடும் என்றும் எதிர்ப்புக் கிளம்பியது.

நிலம் மட்டுமல்ல, 1939 தீவிபத்திலும் கொரியப் போரிலும் கோயிலின் பழைய கட்டடங்களும் பெரும்பாலும் போய்விட்டன. தப்பியது 1856இல் கட்டிய பஞ்ஜொன் மண்டபம்; அவதம்சக சூத்திரம் என்ற பௌத்த நூலைச் செதுக்கிய அச்சுப்பலகைகள் அங்கே இருக்கின்றன. அதன் பெயர்ப்பலகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கொரியாவின் தலைசிறந்த எழுத்தோவியர் கிம் ஜொங்ஹீ, சாவதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதியது. எழுபத்தொரு வயதில், நோயில் எழுதியது என்று அதிலேயே குறித்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் சேர்த்த வித்தையைக் கழற்றி வைத்துவிட்டு, சிலேட்டில் பழகும் பிள்ளைபோல் எழுதிய இரண்டே எழுத்துகள். மைத்ரேயரோடு செல்ஃபி எடுத்தவர்களில் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை.

2015இல் மெட்ரோ நிலையம் திறந்தபோது அதற்குக் கோயிலின் பெயர் வைப்பதைச் சில புராட்டஸ்டன்ட் அமைப்புகள் எதிர்த்தன. கோயெக்ஸ் என்றே வையுங்கள் என்றன. மாநகராட்சி அசையவில்லை. அந்த வழித்தடத்தில் ஷாப்பிங் போகிறவர்களும் போங்குன்சாவில்தான் இறங்குகிறார்கள்.