மாவு மாதிரி தூள் வந்தால் மிஷினை நிறுத்துங்கள்

"சார், எங்க மிஷின்ல தூளு கோதுமை மாவு மாதிரி வருது. மரத்தூள் அடுப்புக்கு சலிக்கவே வேணாம்" என்று முறத்தில் அள்ளி வந்து காட்டினார் அந்த அம்மா. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு கிராமம். மல்லாட்டை வயலில் இலைப்புள்ளி பார்க்கப் போன எனக்கு, பேச்சு அங்கிருந்து மரம் அறுக்கும் மிஷினுக்குத் தாவிவிட்டது.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஊறிப்போன மண்ணில் வேம்பு, மா, முருங்கை என்று பலவும் வேரோடு சாய்ந்தன. ஆள் கூப்பிட்டால் வரவில்லை, வந்தாலும் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பத்தைச் சொந்தமாக வாங்கியவர்கள் பலர். அந்த அம்மாவின் மகனும் அப்படித்தான் வாங்கியிருந்தார்.

"இதை வித்துடலாம்னு இருக்கேன் சார்" என்றார் அவர். கைலியை லேசாக விலக்கி, இடது தொடையில் இருந்த தழும்பைக் காட்டினார். 11 தையல். கிளை அறுக்கும்போது மிஷின் எகிறிக்கொண்டு வந்து விழுந்ததாம். மிஷின் கோளாறு என்பது அவர் முடிவு. செயினைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வழுக்கிக்கொண்டு போனது. வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட அரம் போடவில்லை.

அவருக்கும் அம்மாவுக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மிஷின் மரத்தை அரைப்பதில்லை, சீவுகிறது. தச்சரின் இழைப்புளியில் சுருள் விழுவதுபோல, கூர்மையான செயினில் அவல் அளவுக்குச் சிம்புகள் பறந்து விழ வேண்டும். மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மரம் அறுபடவில்லை, உரசித் தேய்கிறது. நாம் என்ன செய்கிறோம்? மிஷினை இன்னும் அழுத்துகிறோம். அழுத்திக்கொண்டிருக்கும்போது பாரின் நுனி வேறு ஒரு கிளையில் பட்டால் போதும், பார் மேலே எகிறி நம்மை நோக்கி வந்துவிடும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியில்தான் கை அறுத்துக்கொள்வோம் என்று வெங்காயம் நறுக்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதுவும் அதே கதைதான்.

இந்தப் பல்லின் பிறப்பு பூச்சிகளோடு மல்லுக்கட்டும் நமக்குச் சுவையானது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு மரத்துண்டைத் துளைத்துப் போகும் வண்டின் புழுவை உட்கார்ந்து கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு, நார் ஓட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் முன்னேறியது. அதே மாதிரி இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி வைத்து ஒரு செயின் செய்து, மறுவருடம் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் செயினும் அந்த வழி வந்ததுதான். முந்திரித் தோப்பில் தண்டுத் துளைப்பான் புழுவை கம்பி விட்டுக் குத்தி எடுத்திருப்பீர்களே, அதன் தாடையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் மாட்டின் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை அந்தத் திமில்தான் முடிவு செய்கிறது. பல்லின் முனையைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அப்போது எவ்வளவு கூர் தீட்டினாலும் அறுக்காது. அதற்காக 'கொஞ்சம் அதிகமாகவே ராவிவிடுவோம்' என்று தட்டை அரத்தால் திமிலை ஒரேயடியாகத் தேய்த்துவிடாதீர்கள். பல் ஒரே கடியில் அதிகம் கவ்வி, மிஷின் துள்ளும். நாலைந்து முறை பல்லைத் தீட்டிய பிறகு, அளவுத் தகடு வைத்து, ஒன்றிரண்டு இழுப்பு ராவினால் போதும்.

பல்லுக்கு உருண்டை அரம் வேண்டும். எந்த அளவு என்பது செயினைப் பொறுத்தது. சிறிய மிஷின்களில் வரும் தாழ்வான 3/8 செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. உங்கள் செயின் எது என்று மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் செயினையே கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள். இன்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, பாரை மரக்கட்டையில் இடுக்கி அசையாமல் வையுங்கள். பல்லின் மேல் பெரும்பாலும் ஒரு சாய்வுக் கோடு போட்டிருக்கும். அந்த 30 டிகிரி சாய்வுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ரம்பத்துக்கு அரம் போடுவதுபோல முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், பல்லும் போகும். மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பல் குட்டையாகிவிட்டால் வெட்டு நேராகப் போகாமல் வளைந்துகொண்டு போகும். அந்தத் தம்பி முதல் பக்கத்தை முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. பழகினால் பத்து, பதினைந்து நிமிட வேலை. டேங்கில் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மரக்காணம் பக்கத்து சவுக்கு விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சவுக்குக்கு டன் கணக்கில் விலை என்பதால் தரையை ஒட்டி அறுக்கப் பார்ப்போம். அங்கே இருப்பது மணல். ஓடுகிற செயின் ஒரு விநாடி மணலைத் தொட்டாலும், காலையில் தீட்டிய கூர் அத்தனையும் போய்விடும். அடிமரத்துப் பட்டையிலும் மழைத்துளி தெறித்த மணல் ஒட்டியிருக்கும். மண்வெட்டியால் சுற்றி மணலை ஒதுக்கி, பட்டையைக் கொடுவாளால் சீவிவிட்டு அறுங்கள். வேலிக்குப் பயன்பட்ட வேப்பமரத்தில் பழைய ஆணி இருக்கும், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். பனை என்றால் முதலில் மிஷினைக் கீழே வையுங்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது.

இனி சாய்ந்து கிடக்கும் மரம். நிற்கிற மரத்தைவிட இதுதான் ஆளை ஏமாற்றும். இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் நெருக்கத்திலும் அடிப்பக்கம் இழுப்பிலும் இருக்கும். மேலிருந்தே அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர்மாறு: கீழே மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்டை அறுத்துப் பாரம் குறைந்ததும், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தட்டு சடாரென்று பழைய குழிக்கே திரும்பி விழும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு ஒரு தோப்பில் என் கண்முன்னே அப்படி விழுந்தது. குழிக்குள் கொஞ்ச நேரம் முன்புவரை இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மரம் அறுக்கும் இடத்துக்குப் போனால், நான் முதலில் குழியைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

கைலியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. கால்சட்டை, ஷூ, கண்ணாடி வேண்டும். இடது கைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்புதான் பிரேக். அதை முன்னால் தள்ளினால் செயின் உடனே நிற்கிறதா என்று தினமும் வேலை தொடங்கும் முன் பாருங்கள். நிற்காத மிஷின் வேலைக்கு வேண்டாம். பாரின் நுனியால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் ஏறி அறுக்கவே அறுக்காதீர்கள். மின்கம்பியில் சாய்ந்த மரம் மின்வாரியத்தின் வேலை.

இந்த மிஷின் பற்றி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதம் சும்மா வைத்திருந்த மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லையே?

டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைத்திருப்பீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கும். கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வும் ரப்பர் குழாயும் விறைத்துப்போகும். பழையதைக் கொட்டி, வடிகட்டியையும் பிளக்கையும் சுத்தம் செய்து, புதிதாகக் கலந்து ஊற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் சவ்வை மாற்ற வேண்டியிருக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மிஷினை ஓரம் கட்டும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். 2டி ஆயில் கலப்பு 1:50 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 1:25 என்றால் 40 மி.லி. கண் அளவில் ஊற்ற வேண்டாம். ஆயில் இல்லாத பெட்ரோலில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா?

வேண்டாம். அதில் இரும்புத் துகளும் கசடும் இருக்கும். ஆயில் பம்பும் பாரும் தேயும். செயினிலிருந்து அந்த ஆயில் தெறிப்பது உங்கள் மேலும், உங்கள் நிலத்திலும்தான்.

மிஷின் தூளை மரத்தூள் அடுப்பில் எரிக்கலாமா?

செயின் சரியாக இருந்தால் விழும் சிம்பு அந்த அடுப்பில் கெட்டிக்காது. நடுவில் வைத்த பாட்டிலை உருவியதும் துளை சரிந்துவிடும். செயின் ஆயிலும் கலந்திருப்பதால் சமையலுக்கு ஏற்றதல்ல. அடுப்புக்கு மர அறுவை மில் தூளையே வாங்கிக்கொள்ளுங்கள். சிம்பை எருக்குழியில் சாணத்தோடு கலந்து மக்கவிடலாம். பச்சையாகச் செடிக்கு அடியில் போட்டால் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு இலை மஞ்சளாகும். கோழி எரு கிடைத்தால் அதையும் சேருங்கள், சீக்கிரம் மக்கும்.