தூசியும் நுரையீரலின் காவலரும்

கோலார் தங்கவயலில் தங்கம், குவார்ட்சு என்னும் வெண்ணிறப் படிகக்கல்லின் இடையே கிடைத்தது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கப்பணியைத் தொடங்கிய பின், வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையைத் துளைத்தபோதும் வெடி வைத்துத் தகர்த்தபோதும் சிலிக்காத் தூசி எழுந்தது.

பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். மயிரிழையின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகளோ நுரையீரலின் காற்று நுண்ணறை வரை செல்லும். அங்கே விழுங்கணுக்கள் காவல் புரிகின்றன. இவை கிருமிகளை விழுங்கித் தம்முள் இருக்கும் செரிமான நீரால் அழிப்பவை. கல்லை எவ்வாறு செரிப்பது? விழுங்கப்பட்ட துகள் அந்நீர் நிறைந்த பையைக் கிழிக்க, அணு மடிகிறது. மடியும்போது அது வெளியிடும் வேதிப்பொருள்கள் பிற காவலணுக்களை அழைக்கின்றன. விடுபட்ட துகளை மற்றோர் அணு விழுங்கி, அதுவும் மடிகிறது. இவ்வாறு ஓயாது நீளும் அழற்சியால் நுரையீரலில் தழும்பு படிகிறது. இதுவே சிலிகோசிஸ். சுரங்க வேலையை விட்ட பின்னும் இது வளரக்கூடும். காவலணுக்கள் நலிவதால் காசநோயும் எளிதில் பற்றும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது கோலாரில்தான், 1947ஆம் ஆண்டில்.

ஆஸ்துமாவையும் ஊரார் ‘இளைப்பு’ என்றே சொல்வர். ஆயினும் அதன் கதை வேறு. மகரந்தம் போன்ற தீங்கற்ற பொருளையே அங்கே காவலணுக்கள் பகையெனக் கருதுகின்றன. டி அணுக்களின் தூண்டுதலால் உருவாகும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள், மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதே மகரந்தம் மீண்டும் வந்தால் அவ்வணுக்கள் ஹிஸ்டமினை உமிழும், மூச்சுக்குழல் சுருங்கும். சில மணி நேரத்தில் இயோசினோபில் அணுக்கள் திரண்டு, குழலின் உட்சுவரைப் புண்படுத்தும், சளி பெருகும். உறிஞ்சும் மருந்தால் இவ்வழற்சியைத் தணிக்கலாம். சிலிகோசிஸின் தழும்பை அழிக்க மருந்து இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் பிரித்த பின் குவித்த மணல் மேடுகள் ஊரில் எஞ்சின. காற்று வீசும் நாளில் அங்கிருந்து பறக்கும் தூசி, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழலை மேலும் உறுத்தும். இளைப்போடு வரும் முதியவரிடமோ, “எத்தனை ஆண்டுகள் சுரங்கத்தினுள் வேலை செய்தீர்கள்?” என்று மருத்துவர் கேட்டறிய வேண்டும்.