பூண்டு ஜில்லா!

பூண்டு உரித்து உரித்து விரல் எரிந்த அனுபவம் நமக்கு உண்டல்லவா? தென் கொரியாவில் உய்சோங் என்ற ஜில்லாவுக்குப் பேர் வாங்கித் தந்ததே பூண்டுதான். இலையுதிர் காலத்தில் ஊன்றிய பல், பனியைத் தாங்கிக் கிடந்து, ஜூன் மாதம் அறுவடைக்கு வருகிறது. அது இல்லாமல் அந்நாட்டுக் கிம்ச்சி ஊறுகாய் ருசிக்காது!

2018 குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிடும் 'கர்லிங்' ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற கொரியப் பெண்களில் பெரும்பாலோர் இந்த ஜில்லாக்காரிகள். 'பூண்டுப் பெண்கள்' என்று உலகமே கொண்டாடியது.

ஆனால், தலைநகர் சியோலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பரந்த இந்த ஜில்லாவில் வசிப்பவர்கள் சுமார் 50,000 பேரே! பத்துக்கு நாலு பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் பட்டணம் போய்விட்டார்கள். பூண்டு வயலில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தான். அவர்களுக்குப் பிறகு? அதுதான் உய்சோங்கின் கவலை!