மாதிரியாக நின்ற உடலும் உருவாக்கும் கையும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஓவிய, சிற்பக் கல்வியைப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம் என்றதும் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: “நம் பிள்ளைகள் சட்டம் படிக்கட்டும், மருத்துவம் படிக்கட்டும். படம் வரையவா கல்லூரிக்கு அனுப்புவது?” நியாயமான கேள்விதான். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு வீட்டுக்கு நான்கு ஆண்டுகள் என்பது சின்ன விஷயமில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் என்ன நடக்கிறது, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை நமக்குப் புதிதல்ல. நான்கு பேர் ஒரு பெரும்பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். சிற்பியின் பெயரைக் கலை வரலாறு வைத்திருக்கிறது. காவலாளியின் முதுகும் தோளும் மட்டும் கடற்கரையில் நிற்கின்றன. உழைக்கும் உடல் கலைக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் பார்க்கப்படும் உடலாகத்தான் நுழைந்தது. அந்த உடலுக்குரியவர்கள் செய்பவர்களாக உள்ளே வருவதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

அந்தக் கல்லூரியின் தொடக்கமே கைத்தொழிலோடு பிணைந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் ஓர் ஓவியப் பள்ளியாக அதைத் தொடங்கினார். பிறகு அரசு ஏற்று, தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. நம் சமூகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாதி உண்டு. மண் குயவருக்கு, கல்லும் மரமும் பொன்னும் கம்மாளருக்கு, தோல் நமக்கு. சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பவர்களையும் படிநிலையாகப் பிரிக்கிறது என்பது அண்ணல் அம்பேத்கர் 1936இல் வைத்த வாதம். ஒரு கலைக்கூடத்தில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். எதையும் யாரும் தொடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இடம் நமக்கு முக்கியம்.

பாடம் எப்படி நடக்கும்? சேரும்போதே கைத்திறனைப் பார்க்கும் செய்முறைத் தேர்வு இருக்கும். முதலாண்டு அடிப்படைப் பயிற்சி. குடம், துணி, செங்கல் எனக் கண்முன் வைத்ததை வரையவேண்டும். பிறகு ஆள் உட்கார்ந்திருப்பார், வரையவேண்டும். பென்சில், கரி, நீர்வண்ணம். இங்கே பயிற்சி பெறுவது கையைவிட அதிகமாகக் கண்தான். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரையப் பழக மாதக்கணக்கில் ஆகும். கறுப்புத் தோலை வரைய உட்காரும் மாணவர் முதல் நாள் கறுப்பை மட்டும் அள்ளிப் பூசுவார். பத்தாம் நாள் அதில் நீலமும் செம்மண் நிறமும் ஊதாவும் இருப்பதைக் காண்பார். நம் தோலின் நிறத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்று புரியும்.

ஓவியத் துறைக்குப் போனால் கான்வாஸ் கட்டப் பழக்குவார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்து, பசை பூசி, அதன்மேல் வெள்ளை பூசவேண்டும். பழைய ஐரோப்பிய ஓவியர்கள் அந்தப் பசையை விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்தார்கள். முயல்தோல் பசை இன்றும் விற்பனையில் உண்டு. பறை கட்டும் பெரியவர்களும் மரச்சட்டத்தில் தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். வேலை ஏறத்தாழ ஒன்றே. அங்கே அது கலையின் முதல் படி. இங்கே அதைச் செய்தவரை ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

சிற்பத் துறையில் உடம்பே வேலை செய்யவேண்டும். முதலில் கம்பியை வளைத்து, முறுக்கி உள்ளே ஓர் எலும்புக்கூடு கட்டுவார்கள். அதற்கு ஆர்மச்சர் என்று பெயர். அது சரியாக அமையாவிட்டால், ஈரமண்ணின் எடை தாங்காமல் இரவோடிரவாகத் தலை சரிந்துவிடும். மாலையில் ஈரத்துணி போர்த்த மறந்தால் மண் காய்ந்து வெடிக்கும். உருவம் முடிந்ததும் பிளாஸ்டரைக் கரைத்துப் பூசி அச்சு எடுப்பார்கள். உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்து, அச்சின் உட்புறம் சோப்புக் கரைசல் தடவி, சிமெண்டையோ ஃபைபர் கிளாஸையோ வார்த்து, கடைசியில் அச்சை உளியால் தட்டி உடைப்பார்கள். தோண்டிய மண் மறுபடி தொட்டிக்குப் போகும். அடுத்த மாணவர் அதே மண்ணில் வேறு முகம் செய்வார்.

இனி கசப்பான பக்கம். வண்ணம், தூரிகை, கான்வாஸ், வார்ப்புப் பொருள் எல்லாமே செலவு. உதவித்தொகை தாமதமானால் நம் மாணவரின் வேலை பாதியில் நிற்கும். பருவ முடிவில் ஆசிரியர்கள் முன் நின்று தன் வேலையைப் பற்றிப் பேசவேண்டும். ஆங்கிலத்தில் பழகியவர் சரளமாகப் பேசுவார். சேரியை வரைந்தால் “இது சுவரொட்டி மாதிரி இருக்கிறது” என்று ஒரு வரியில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நாக்பூரிலிருந்து வந்த சவி சாவர்க்கரை அவர்களுக்குப் பதிலாகக் காட்டலாம். கழுத்தில் கலயமும் துடைப்பமுமாக நிற்கும் தீண்டப்படாதவர்களை அவர் எண்ணெய் வண்ணத்திலும், உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப் படங்களிலும் கொண்டுவந்தார். பரோடாவில் கற்ற நுட்பத்தை அவர் தன் மக்களின் வரலாற்றைச் சொல்லப் பயன்படுத்தினார். நுட்பத்தை முழுமையாகக் கற்றவரைச் சுவரொட்டி என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

அமைப்புத் தோழர்கள் செய்யக்கூடியவை உண்டு. செய்முறைத் தேர்வுக்கு முன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரைகலைப் பயிற்சி கொடுக்கலாம். படித்து முடித்தவர்களின் தூரிகை, ஈசல், கருவிகளை வாங்கி அடுத்தவர்களுக்குத் தரலாம். மாணவர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தமிழில் பேசிப் பழக நம் கூட்டங்களில் இடம் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. சிற்ப வகுப்பில் முதலில் சொல்வது, உருவத்தைச் சுற்றி நடந்து பார் என்பதுதான். சிற்பத்துக்கு முதுகும் உண்டு, பக்கமும் உண்டு. நம் ஊர்களில் எத்தனையோ அம்பேத்கர் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. சுற்றி வந்தாலும் கம்பி வழியேதான் பார்க்க முடியும். சில சிலைகளில் முகம்கூட அவருடையதாக இல்லை. கூண்டை அகற்ற அரசியல் வேண்டும். அவர் முகத்தைச் சரியாகச் செய்ய, ஈரமண்ணில் நான்கு ஆண்டுகள் பழகிய நம் பிள்ளைகளின் கை வேண்டும். இரண்டும் நம் வேலைதான்.

ஜெய்பீம்.