பலியாடுகளின் பட்டாளம்: 'சூசைட் ஸ்குவாட்'டில் உயிரோடு திரும்புவது யார்?

அமெரிக்கச் சிறை ஒன்றின் கட்டுப்பாட்டு அறை. திரைகளில் ஒரு தீவின் கடற்கரை தெரிகிறது. வில்லன் கூட்டம் ஒன்று சற்று நேரத்தில் அங்கே இறங்கப்போகிறது. அவர்களை வழிநடத்த வேண்டிய ஊழியர்களோ கையில் பணத்தோடு பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் சாவார்கள் என்பதுதான் பந்தயம்!

ஜேம்ஸ் கன் இயக்கி 2021-ல் வெளியான 'தி சூசைட் ஸ்குவாட்' படம் இப்படித்தான் சூடுபிடிக்கிறது. (படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம். இனி வருவதெல்லாம் மரணச் செய்திகள்தான்!)

கதை எளிது. பெல் ரீவ் சிறையில் அடைபட்டிருக்கும் வில்லன்களை அரசாங்கத்தின் ரகசிய வேலைக்கு அனுப்புகிறார் அமாண்டா வாலர் என்ற அதிகாரி. திரும்பி வந்தால் தண்டனையில் பத்து வருடம் தள்ளுபடி. ஓடப் பார்த்தால் தலைக்குள் வைத்த குண்டு வெடிக்கும்.

கடற்கரைக்குப் போகும் அணியில் ஒன்பது பேர். படம் தொடங்கும்போது கேமரா பின்தொடர்வது சாவன்ட் என்பவரை. நரைத்த நீள முடி, இறுக்கமான முகம், குறி தப்பாத கை. 'ஓ, இவர்தான் ஹீரோ' என்று நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். கொஞ்ச நேரத்தில் பயந்து தண்ணீருக்குள் ஓடுகிறார். வாலர் பொத்தானை அழுத்துகிறார். கதை முடிந்தது. வீசல் என்ற கீரிப்பிள்ளை மாதிரியான பிராணி கரையேறும் முன்பே மூழ்கிவிடுகிறது. அதற்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவே இல்லை! கைகளைக் கழற்றிப் பறக்கவிடும் டி.டி.கே., அந்தக் கைகளால் எதிரிகளை லேசாகத் தட்டத்தான் முடிகிறது. 2016-ல் வந்த முந்தைய படத்தில் பிழைத்த கேப்டன் பூமராங்கும் இங்கே காலி. அந்தக் கரையைத் தாண்டிக் கதைக்குள் நுழைவது ஹார்லி குவினும் ரிக் ஃப்ளாக்கும் மட்டும்தான்.

விஷயம் என்னவென்றால், அது உண்மையான தாக்குதலே இல்லை. இன்னொரு அணி சத்தமில்லாமல் தீவின் மறுபக்கம் இறங்குவதற்காக, எதிரியின் கவனத்தைத் திருப்ப அனுப்பப்பட்ட கூட்டம் அது. அவர்களுடைய ஆயுள் கரையில் முடிவாகவில்லை, அலுவலக மேஜையில் முடிவாகிவிட்டது.

இரண்டு அணியும் சேர்த்துப் பதினான்கு பேர். கடைசியில் ஹெலிகாப்டர் ஏறுவது ஹார்லி, ப்ளட்ஸ்போர்ட், ராட்கேட்சர் 2, கிங் ஷார்க் ஆகிய நான்கு பேர்தான். செத்ததாக நாம் நினைத்த வீசலும் பீஸ்மேக்கரும் பிழைத்தது பிறகு தெரிகிறது. பீஸ்மேக்கருக்கு 2022 ஜனவரியில் தனித் தொடரே வந்துவிட்டது. தொண்டையில் குண்டு வாங்கியும் பிழைக்க, இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன!

காமிக்ஸில் சாவு எல்லாருக்கும் ஒன்றல்ல. 1992-ல் சூப்பர்மேன் செத்தபோது உலகமே பேசியது. மறு வருடமே எழுந்து வந்துவிட்டார். பேட்மேன், சூப்பர்மேன் எல்லாம் பொம்மை, சட்டை, டிபன் பாக்ஸ் வரை விற்கும் முகங்கள், நிரந்தரமாகப் புதைக்க முடியாது. சில்லறை வில்லன்களுக்கு அந்தக் கவசம் கிடையாது.

அதையே வசதியாக்கிக்கொண்டவர் எழுத்தாளர் ஜான் ஆஸ்ட்ராண்டர். பழைய 'சூசைட் ஸ்குவாட்' பெயரை எடுத்து, 1987-ல் இந்தச் சிறைக் கைதிகள் வடிவத்தைக் கொடுத்தார். 1967-ல் வந்த 'தி டர்ட்டி டஸன்' படத்தின் சாயல் அதில் உண்டு. அங்கேயும் கைதிகள் பன்னிரண்டு பேர் போய் ஒருவர்தான் மிஞ்சுவார். யாருக்கும் வேண்டாத பாத்திரங்கள் என்பதால் யாரையும் சாகடிக்கலாம். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர் ஊகிக்க முடியாது. ஆனால், அதே கதைதான் டெட்ஷாட் என்ற பழைய வில்லனை முக்கியப் புள்ளியாக்கியது. சக்கர நாற்காலியில் முடங்கிய பார்பரா கார்டனுக்கு 'ஆரக்கிள்' என்ற புது வாழ்வு கிடைத்ததும் 1989-ல் அதே இதழில்தான். 2021 படத்தில் ஆஸ்ட்ராண்டரும் தலைகாட்டுகிறார், சாவன்டுக்குக் குண்டு பொருத்தும் டாக்டராக. குறும்புதான்!

படத்தில் என்னை அசைத்தவர் போல்கா டாட் மேன். 1962-ல் பேட்மேன் கதை ஒன்றில் அறிமுகமான வில்லன். உடையெல்லாம் வண்ணப் பொட்டுகள். கேலிக்கென்றே பிறந்தவர். படம் அந்தப் பொட்டுகளை நோயாக்குகிறது. பிள்ளைகளை சூப்பர் ஹீரோ ஆக்கியே தீருவேன் என்று நின்ற தாய் செய்த சோதனையின் விளைவு அது. தினம் இரண்டு முறை வெளியேற்றாவிட்டால் உயிரே போய்விடும். அவர் கண்ணுக்கு எதிரிகள் எல்லாம் அம்மா முகத்தோடு தெரிகிறார்கள். கடைசிச் சண்டையில் ராட்சத நட்சத்திர மீனைத் தாக்கிவிட்டு, தானும் ஒரு சூப்பர் ஹீரோ என்று குதூகலமாகக் கத்துகிறார். அடுத்த நொடி நசுங்கிப்போகிறார். தியேட்டரில் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாத இடம் அது.

சில்லறை ஹீரோக்களுக்கும் கீழே ஒருவர் உண்டு. மில்ட்டன். இரண்டாவது அணிக்கு வேன் ஓட்டும் உள்ளூர்க்காரர். சக்தியும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை. எதிரியின் கோட்டைக்குள் இவர்களோடு வந்து குண்டடிபட்டுச் சாகிறார். 'மில்ட்டன் செத்துட்டான்' என்று போல்கா டாட் மேன் மட்டும் பதறுகிறார். 'யாரு மில்ட்டன்?' என்கிறாள் ஹார்லி. எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

படத்தை இரண்டாவது முறை பார்த்தபோது மில்ட்டனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இருக்கிறார், நாம் பார்க்காத ஓரங்களில் எல்லாம் இருக்கிறார். அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அவர் பெயரில் ஒருவர்கூடப் பந்தயம் கட்டவில்லை.