அவர் இங்கேதான் இருக்கிறார்!

காலமான கணவர் விடியற்காலையில் இருமுவது கேட்கிறது என்று ஒரு மூதாட்டி சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பார் ஒருவர். "காத்து கருப்பாக இருக்கும், பூசாரியைக் கூப்பிடு" என்பார் இன்னொருவர். எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வந்து சேரும். பாவம், அந்த அம்மாள் அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டார்!

வாசகர்களே, அவசரப்படாதீர்கள். பிரிட்டனில், வேல்ஸ் நாட்டுப்புறத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 ஆண் பெண்களைப் பேட்டி கண்டு 1971-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்தது. பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தவர்களே அதிகம். உருவத்தைக் கண்டவர்கள் நூற்றுக்கு 14 பேர், குரல் கேட்டவர்கள் 13 பேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதில் வித்தியாசமில்லை. நெடுங்காலம், அதுவும் மனமொத்து வாழ்ந்தவர்களுக்கே இது அதிகம். பெரும்பாலோர் அது தங்களுக்கு ஆறுதல் என்றார்கள். ஆனால் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சிரிப்பார்களே என்ற பயம்!

நம் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒரே லயத்து வீடு. பெரட்டுக்கு முன் இருட்டில் அவர் வாளியை எடுக்கும் சத்தம், சைக்கிள் சங்கிலியின் கிறீச்சொலி, வாசலில் செருப்பை உதறும் ஓசை. இவற்றை எதிர்பார்த்தே காது பழகியிருக்கிறது. ஆள் போன பிறகும் அந்த எதிர்பார்ப்பு இலேசில் போவதில்லை. தோட்டத்தை விட்டு மகனின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். லயத்தில் என்றால் அடுத்த வீட்டு அக்காளிடமாவது சொல்லி அழலாம். இங்கே கதவைச் சாத்தினால் நாலு சுவர்தான்.

தோக்கியோவில் 20 விதவைகளை விசாரித்து 1969-இல் எழுதினார்கள். அவர்களில் 18 பேர் கணவர் அருகில் இருப்பதாக உணர்ந்தார்கள். யாரும் அதற்கு வெட்கப்படவில்லை. வீட்டு மாடத்தில் கணவரை வைத்து வணங்குவது அவர்கள் வழக்கம். நாம் மட்டும் என்னவாம்? தீபாவளிக்கு முன் படையல் போட்டு, அவருக்குப் பிடித்த கோழிக்கறியையும் சுருட்டையும் வைத்து, "வந்து சாப்பிடுங்க" என்று அழைக்கிறோம். அன்று அழைப்பது பக்தி, மற்ற நாளில் பாட்டி பேசினால் பைத்தியமா?

ஆகவே மருமகள்மார்களே, பாட்டி இரண்டு கோப்பை கோப்பி கலக்கினால் அதட்டாதீர்கள். "தாத்தா என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பழைய கதைகள் தானே வரும். கொஞ்சம் அழுகையும் வரும். வரட்டுமே.

ஆனால் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், "என்னோடு வந்துவிடு" என்று குரல் அழைப்பதாகச் சொன்னால், முன்பின் தெரியாத ஆட்களைக் கண்டு மிரண்டால், அது வேறு சங்கதி. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் திடீரென்று குழம்பினால் சிறுநீரில் கிருமி, புது மருந்து என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.